துணை மின்நிலையமும் சைபர் தாக்குதலும்: கேள்வி பதில்

ரிலே (கோளாறைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி), ஸ்காடா (தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) பக்கம் வேலை செய்பவன் என்பதால் இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு நானே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், எங்கோ உட்கார்ந்திருப்பவன் கம்ப்யூட்டர் வழியாக ஊரை இருட்டாக்க முடியுமா? சினிமாக் கதை மாதிரி இருக்கிறதே?

நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களைத் தாக்கினார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது; திரும்ப வர ஒரு மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஆனது.

ஆரம்பம் ஒரு மின்னஞ்சல். கூடவே வந்த கோப்பைத் திறந்து, அதற்குள் இருந்த மேக்ரோ என்ற குட்டி நிரலுக்கும் யாரோ அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்புறம் பல மாதம் சத்தமே இல்லை. உள்ளே இருந்தபடி பாஸ்வேர்டுகளைத் திரட்டி, விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் வர வைத்திருக்கும் வழி) வழியாகக் கட்டுப்பாட்டு அறை வரை போனார்கள். அன்றைக்கு ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து, பெரிய மின் சுவிட்சுகளான பிரேக்கர்களைத் திறந்தது, அதாவது மின்சாரத்தைத் துண்டித்தது. பிரேக்கரைத் திறக்க எந்த விசேஷ வைரஸும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆபரேட்டர் தினமும் கொடுக்கும் அதே கட்டளைதான், கொடுத்த ஆள்தான் வேறு. போகும்போது சப்ஸ்டேஷன் தொடர்புக் கருவிகளுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் கெடுத்துவிட்டார்கள். ரிமோட்டில் மறுபடி மூட வழியில்லாமல் போனது.

கேள்வி: எங்கள் சப்ஸ்டேஷன் இன்டர்நெட்டிலேயே இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

ரிலே விற்ற நிறுவனத்தின் இன்ஜினியர் போன தடவை செட்டிங் மாற்றியது எப்படி? லேப்டாப்பை நேராகச் செருகினாரா, மோடம் வழியாக வந்தாரா? அந்த மோடம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்தபிறகு நிம்மதியாக இருங்கள். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய நிரல், இணையத்தோடு தொடர்பில்லாத கணினிகளுக்கும் யூஎஸ்பி வழியாகப் பரவக்கூடியது.

கேள்வி: ஐஇசி 104 நெறிமுறையில் கட்டளை அனுப்புவது யார் என்று ஆர்டியூ சரிபார்க்காதா அண்ணா?

ஐஇசி 104 என்பது கட்டுப்பாட்டு மையமும் சப்ஸ்டேஷனும் பேசிக்கொள்ளும் மொழி; ஆர்டியூ, சப்ஸ்டேஷனில் அந்தக் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் பெட்டி. அடிப்படை வடிவத்தில் சரிபார்க்காது தம்பி. இணைப்புக் கிடைத்து, முகவரியும் சரியாக இருந்தால் கட்டளை நிறைவேறிவிடும். 2016 டிசம்பரில் கீவ் பக்கத்து 330 கேவி நிலையத்தைத் தாக்கிய இன்டஸ்ட்ராயர் இந்த நெறிமுறையைத் தானே பேசத் தெரிந்த நிரல். மவுஸை நகர்த்தக்கூட ஆள் வேண்டியிருக்கவில்லை. இதற்கு மருந்தாக ஐஇசி 62351 தரநிலை இருக்கிறது, ஆனால் பழைய ஆர்டியூக்கள் பலவற்றுக்கு அது புரியாது. அங்கே முன்னால் ஒரு கேட்வே (வரும் செய்திகளைத் தடுத்து நிறுத்தக்கூடிய வாசல் கருவி) வைத்து, என்க்ரிப்ட் செய்த சுரங்கம் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்தின் முகவரியை மட்டும் அனுமதிப்பதுதான் நடைமுறை வழி.

கேள்வி: கூஸ் செய்திகளையும் என்க்ரிப்ட் செய்துவிடலாமே?

கூஸ் என்பது சப்ஸ்டேஷனுக்குள் ரிலேக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அவசரச் செய்தி. அதில் டிரிப் செய்தி, அதாவது பிரேக்கரைத் திறக்கச் சொல்வது, சுமார் 3 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். என்க்ரிப்ட் செய்து தாமதப்படுத்தினால் பாதுகாப்பே கெட்டுவிடும். 'பிரேக்கரைத் திற' என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. போலியாக வரக்கூடாது, அவ்வளவுதான். செய்தியை அங்கீகரிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நெட்வொர்க் ஸ்விட்சில் சும்மா கிடக்கும் போர்ட்டுகளையாவது மூடுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் போதாதா?

போதாது. ரிலேக்குள் அதைப் போடவே முடியாது. ஆபரேட்டர் கணினியில், அனுமதித்த நிரல்கள் மட்டும் ஓடும்படி பூட்டுவது அதைவிட மேல்.

கேள்வி: நாங்கள் சின்ன அணி, பட்ஜெட்டும் கிடையாது. எதை முதலில் செய்வது?

கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளியிலிருந்து வரும் எல்லா வழியும் இரட்டைச் சரிபார்ப்போடு ஒரே வாசலில் வரட்டும். வேலை முடிந்ததும் அதையும் மூடுங்கள். ரிலே செட்டிங் கோப்புகளின் நகல் நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கட்டும். கையால் இயக்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2015-இல் உக்ரைனில் மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள் வண்டியெடுத்துப் போய் பிரேக்கர்களைக் கையால் மூடியதால்தான்.

கேள்வி: அப்படியென்றால் லோக்கல்/ரிமோட் சுவிட்சை எப்போதும் லோக்கலிலேயே வைத்துவிட்டால்?

ஆளில்லா நிலையத்தில் அது சரிப்படாது. ஒவ்வொரு தடவையும் ஆள் ஓட வேண்டும். தாக்குதல் என்று சந்தேகம் வந்த உடனே லோக்கலுக்குத் திருப்புங்கள், ரிலேயின் டிரிப் வழக்கம்போல வேலை செய்யும். ஆனால் அந்தச் சுவிட்ச் ரிமோட் கட்டளைச் சுற்றை வயரிங்கிலேயே துண்டிக்கிறதா, மென்பொருளுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்கிறதா என்று இப்போதே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் அதை நம்பி இருக்காதீர்கள்.