மழைக்கு லீவு, வீட்டுக்குள் வாண்டு: டீச்சரிடம் கேளுங்கள்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, பள்ளி உண்டா இல்லையா என்பது காலையில் டிவியைப் போட்டால்தான் தெரியும். இருபது வருடம் பால்வாடியில் பிள்ளைகளோடு உருண்டவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. வந்தவற்றில் சில இதோ.

கேள்வி: மகளுக்கு நாலு வயது, டீச்சர். பல்லாங்குழி சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை என்று முழு ஆட்டத்தில் இறக்கிவிடாதீர்கள், எழுந்து ஓடிவிடுவாள். ஆளுக்கு மூன்று கிண்ணம், கிண்ணத்துக்கு மூன்று கொட்டை போதும். ஒரு கிண்ணத்தை அள்ளி, அடுத்தடுத்த கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகட்டும்.

இந்த வயதுப் பிள்ளை எண்ணும்போது கவனித்துப் பாருங்கள். வாய் ஏழுக்குப் போயிருக்கும், விரல் ஐந்தாவது கொட்டையிலேயே நிற்கும். ‘டொக்’கென்று ஒரு கொட்டை விழுந்த பிறகுதான் அடுத்த எண் என்று ஆனால், வாயும் கையும் தானாகச் சேர்ந்துவிடும். நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் விதியை அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் அவள் ஏமாற்றினால் கண்டுகொள்ளாதீர்கள். ஏமாற்றவும் எண்ணத் தெரிய வேண்டுமே!

கேள்வி: சின்னவனுக்கு ஒன்றரை வயது. அவனும் கூட உட்காரலாமா?

கொட்டை, சோழி, கொண்டைக்கடலை எதுவும் அவன் கைக்கு எட்டக்கூடாது. வாய்க்குள் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவனுக்கு நாலு டப்பாவும் நாலு மூடியும் கொடுங்கள். எது எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பதே அவனுக்குப் பெரிய வேலை.

கேள்வி: இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பையன் குதித்தால் கீழ்வீட்டு அம்மா ஏறி வந்துவிடுகிறார்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்காகப் பையனை உட்கார வைத்துவிடவும் முடியாது. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கல்லா மண்ணா ஆடுங்கள். கால்மிதிதான் கல், தரை மண். ஒரே ஒரு மாற்றம்: எல்லோரும் பூனை நடை, சத்தம் வந்தால் அவுட். பிடிப்பவருக்கும் அதே விதி. தலையணையைக் கல்லாகப் போடாதீர்கள், மொசைக் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் வைத்த மிதியடி நல்லது.

கேள்வி: தோற்றால் அழுது எல்லாவற்றையும் தட்டிவிடுகிறாள்.

ஒத்தையா ரெட்டையா ஆடிப் பாருங்கள். கைக்குள் கொஞ்சம் கொட்டையை மூடிக்கொண்டு கேட்பது, சொன்னதும் திறந்து இரண்டிரண்டாக ஒதுக்குவது, அவ்வளவுதான். ஒரு ஆட்டம் அரை நிமிடம்கூட ஆகாது. தோற்ற அழுகை தொடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கேள்வி: யுகேஜி பையன் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.

நகர்த்தாதீர்கள், மழையை அளக்க விடுங்கள். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள தட்டை அடி டப்பா ஒன்று வேண்டும். நம் வீட்டு டம்ளர் வேண்டாம், வாய் அகலம் என்பதால் கணக்குத் தப்பும். மொட்டை மாடியில் திறந்த இடத்தில் வைத்துவிட்டு, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பார்க்கட்டும். வானிலை ஆய்வு மையமும் காலை 8.30 வரையான 24 மணி நேர மழையைத்தான் கணக்கிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அதெல்லாம் இப்போதைக்கு உங்களுக்கு, அவன் காலண்டரில் எண்ணை எழுதினால் போதும். மாடிக்கு நீங்களும் கூடப் போங்கள், இடி இடித்தால் போகவே வேண்டாம்.

கேள்வி: வீடு முழுக்கக் கொடி கட்டித் துணி காய்கிறது. விளையாட இடமே இல்லை!

கிளிப் போடுகிற வேலையை அவர்களிடம் விடுங்கள். கிளிப்பை அழுத்தி அழுத்தி வலுவான விரல் பென்சிலை நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: கரண்ட் போய்விட்டால்?

விடுகதைதான். “கையளவு உடம்புக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன்” என்று ஒருமுறை கேட்டேன். பூட்டு என்பான் என்று பார்த்தால், ஒரு பொடியன் “எங்க தாத்தா” என்றான். தாத்தா ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன், ஆளும் குள்ளம். சரி என்று சொல்லிவிட்டேன்.