போல்ட் குறைந்த ஸ்லாப்: கேள்வி பதில்

பள்ளத்தாக்குச் சுவர்களின் சாய்ந்த பாறைகளில் (ஸ்லாப்), போல்ட்கள், அதாவது கயிறு மாட்டப் பாறையில் அடித்த ஆணிகள், தள்ளித்தள்ளி இருக்கும் ஏறும் வழிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இரண்டு போல்ட்டுக்கு நடுவே 6 மீட்டர். விழுந்தால் எவ்வளவு தூரம் போவேன்?

கடைசியாகக் கயிறு மாட்டிய போல்ட்டுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறீர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு. கயிற்றின் தொய்வும் நீட்சியும் தனி. முதல் போல்ட் 6 மீட்டரில், இரண்டாவது 12 மீட்டரில் என்று வையுங்கள். இரண்டாவதை மாட்டப்போகும் நேரத்தில் கால் வழுக்கினால் நேரே தரைதான். அதனால் கீழே நின்றே போல்ட்களைக் கண்ணால் தேடி, எங்கே விழலாம், எங்கே விழவே கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விழக்கூடாத இடத்தில், திரும்பி இறங்க முடியாத அடியை வைக்காதீர்கள். ஏறுவதைவிட இறங்குவது கடினம், கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியாது. தரையோரப் பாறையில் ஏறிய வழியிலேயே இறங்கிப் பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொள்கிறேன், கால் நடுங்குகிறது.

ஒட்டினால்தான் வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி வைத்து, எடையைப் பாதத்தின் மேல் இறக்குங்கள். குதிகாலைத் தாழ்த்தினால் ரப்பர் நன்றாகப் பதியும், கெண்டைக்காலுக்கும் ஓய்வு. அடிகள் சின்னதாக இருக்கட்டும்.

கேள்வி: எந்த ஷூ?

அடிப்பகுதி வளைந்து கொடுப்பது, விரல் மடங்காதது. ஏறுமுன் அடியைத் துடையுங்கள்.

கேள்வி: காலையில் மழை, இப்போது நல்ல வெயில். மணற்பாறை. ஏறலாமா?

வேண்டாம். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஈர மணற்பாறை பலமிழக்கும். பிடி உடையும், போல்ட்டே பெயர்ந்து வரலாம். குறைந்தது ஒரு நாள், பலத்த மழை என்றால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாறையடி மண்ணைத் தோண்டினால் ஈரம் தெரிகிறதா? அப்படியானால் திரும்பிவிடுங்கள். தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், எங்கோ மேற்பகுதியில் பெய்த மழை பள்ளத்தாக்கில் வெள்ளமாக வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: நடுவே இரண்டு போல்ட் அடித்துவிட்டால் பிரச்சினை தீருமே?

அந்த வழியில் முதன்முதலில் ஏறியவர்களின் சம்மதம் இல்லாமல் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்காவின் யோசெமிட்டியில், ஹாஃப் டோம் என்ற பாறை மலையின் ஸ்னேக் டைக் வழியில் 1965-ல் முதலில் ஏறியவர்கள் மிகக் குறைவாகவே போல்ட் அடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் சேர்க்க அவர்களே இசைந்தார்கள். அதுதான் சரியான முறை.

கேள்வி: உயிரைவிட மரபு பெரிதா அண்ணா? செத்தால் யார் பொறுப்பு?

உயிர்தான் பெரிது தம்பி. அதனால்தான் ஏறாமல் இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பக்கத்தில் நெருக்கமாக போல்ட் அடித்த வழிகள் இருக்கும், அங்கே போகலாம். ஆனால் துருப்பிடித்து ஆடும் பழைய போல்ட்டை அதே இடத்தில் புதிதாக மாற்றுவதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். அது வேறு, புதிதாகச் சேர்ப்பது வேறு.

கேள்வி: லேசான தூறல்தான், மணற்பாறையில் ஏறலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி: ஷூ பற்றி இன்னும் கொஞ்சம்...

மேலே பாருங்கள்.

கேள்வி: வழுக்கிவிட்டால் என்ன செய்வது?

முகம் பாறையைப் பார்த்து, கால்களை அகட்டி, உள்ளங்கையை ஊன்றிச் சறுக்குங்கள், உருளக் கூடாது. ஏறும்போதே கயிறு காலுக்குப் பின்னால் போகாமல் பாருங்கள், மாட்டினால் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். ஹெல்மெட் கட்டாயம். பிலே செய்பவர், அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவர், முடிந்தவரை தொய்வை வேகமாக இழுத்துக்கொள்ள வேண்டும், இதை ஏறும் முன்பே அவரோடு பேசி வையுங்கள்.