ரெக்கார்டில் முழு மதிப்பெண், மாடல் தேர்வில் கோட்டை விட்ட மகன்

கேள்வி: மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. லேப் ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாம் அருமை. மாடல் தேர்வில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் ஃபெயில். எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடிதான். போனைப் பிடுங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிடுங்கினால் நண்பன் போனில் பார்ப்பார்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது; 2025இல் வெளியானது. சாட்ஜிபிடி மாதிரியான கருவியை அப்படியே கொடுத்த வகுப்புகளில் பயிற்சிக் கணக்கு மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. உங்கள் மகன் விஷயமும் இதேதான்.

லிங்க்டு லிஸ்ட் என்பது, ஒவ்வொரு பெட்டியும் (நோடு) அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் ஒரு சங்கிலி. அதைத் தலைகீழாக்கும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் பத்து வரி, எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வெற்றுத்தாளில் எழுதச் சொன்னால், அடுத்த நோடின் முகவரியை எடுத்து வைப்பதற்கு முன்பே இணைப்பைத் திருப்பிவிடுவார். மிச்ச லிஸ்ட் கைவிட்டுப் போகும். ஏன் போனது என்று அம்புக்குறி போட்டுத் தானே கண்டுபிடித்தால் அந்த வரி மறக்காது. இப்போது அந்தப் பத்து நிமிடத் திண்டாட்டத்தைத்தான் சாட்ஜிபிடி அவருக்குப் பதிலாகப் பட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதல் 20 நிமிடம் தாளும் பேனாவும் மட்டும். சிக்கினால், தான் எழுதியதை அப்படியே கொடுத்து, “திருத்தித் தராதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்” என்று கேட்கட்டும். சில சமயம் அது சரியான வரியையே தப்பு என்று சொல்லும். புரோகிராமைக் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். அதே புரோகிராம் மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. மாணவர்கள் வழக்கமாகக் கைவிடுவது இந்த ஒரு வாரம் கழித்து வருவதைத்தான். பாதி மறந்த நிலையில் முட்டி மோதி நினைவுக்குக் கொண்டுவருவதுதான் மனதில் தங்கும்.

ரெக்கார்டின் ஆங்கிலத்தைத் திருத்த, மெயில் எழுத, தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

உங்களுக்கு சி மொழி தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், அன்று எழுதியதை எதையும் பார்க்காமல் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். எங்கே “அது வந்து...” என்று இழுக்கிறாரோ, மறுநாள் முதல் 20 நிமிடம் அதற்கு.