அம்பாசடரின் கிரவுனைப் பிரிக்கும் முன்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 என்னிடம் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்பக்கம் ஊளையிடுவது போலச் சத்தம் வருகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் மாறுகிறது. கிரவுன் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எனக்கு ஓரளவு கைவேலை தெரியும். நானே பிரித்துப் பார்க்கலாமா?"

தாராளமாகப் பார்க்கலாம். கிரவுன் என்பது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன். பிரிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் வைத்த அளவுகள் எல்லாம் உள்ளே காகிதக் கனத்தில் இருக்கும் ஷிம்களில், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் தகட்டு வளையங்களில்தான் இருக்கின்றன. அவசரமாகப் பிரித்தால் முதலில் தொலைவது அவைதான். ஒருமுறை என்னிடம் ஒரு வண்டியின் கிரவுன் அரிசிச் சாக்கில் வந்தது. எல்லாப் பாகமும் இருந்தது, பல் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் ஷிம்கள் ஒன்றாகக் கலந்திருந்தன, பேரிங்கை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேப்பில் எது இடது எது வலது என்று தெரியவில்லை. பழைய அளவுக்கு அதைக் கொண்டுவர நான்கு நாள் ஆனது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில் சத்தம் கிரவுனிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலும் கேட்டால் பெரும்பாலும் கிரவுன், பினியன் பற்கள்தான். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உருளும் சத்தம் என்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். வளைவில் மட்டும் மாறினால் வீல் பேரிங்கைப் பாருங்கள். கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் பெரும்பாலும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) கிராஸ் ஜாயின்ட், இல்லையென்றால் ஸ்டார் பினியன் (வளைவில் இரு சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பல்சக்கரங்கள்) வாசர்கள். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் தெரிகிறது.

அடுத்தது ஆயில். வண்டியை ஒரு சுற்று ஓட்டி, சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடிப் பிளக்கைத் தொட வேண்டும். மேல் பிளக் துருப்பிடித்து வராவிட்டால், காலியான ஹவுசிங்கோடு, அதாவது ஆக்சில் கூட்டோடு, வண்டி நின்றுவிடும். வந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் பொடி பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும். விரலில் குத்தும் துண்டுகள் வந்தால் பிரித்தே ஆக வேண்டும். இது ஹைபாய்டு வகைக் கிரவுன். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உரசலைத் தாங்க ஹைபாய்டு கியருக்கென்று விற்கும் 90 நம்பர் ஆயில் வேண்டும். மீந்த என்ஜின் ஆயிலை ஊற்றி ஓட்டிய வண்டியில் பற்கள் சொரசொரப்பாகிவிடுகின்றன, அப்புறம் எந்த ஆயில் ஊற்றினாலும் சத்தம் போகாது.

சரி, பிரிப்போம். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது. பின்பக்கத்தைத் தூக்கியபின் ஹேண்ட்பிரேக்கும் கியரும் வண்டியைப் பிடிக்காது, முன் சக்கரக் கட்டைதான் பிடிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்புத் தட்டு) பினியன் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அப்புறம் டிரம்களை எடுத்து, சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்டை வெளியே இழுக்க வேண்டும். இதற்கு ஹப்பைக் கழற்றத் தேவையில்லை. ஷாஃப்ட் வரவில்லை என்று ஃபிளாஞ்சுக்கு நடுவில் உளியைச் சொருகினால் அந்தக் காயத்தின் வழியாக ஆயில் பிரேக்குக்குள் இறங்கும். மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினால் விட்டுக்கொடுக்கும். இடது, வலது ஷாஃப்டுகளுக்குத் தனித்தனி அடையாளம் வையுங்கள்.

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3. அதன் பின் ஆக்சில் பாஞ்சோ வாத்தியம் போல நடுவில் உருண்டையான கூடு. கிரவுனையும் பினியனையும் தாங்கும் வார்ப்பான கேரியர் முழுதும் கூட்டின் முன்பக்கமாக ஒரே உருப்படியாக வெளியே வரும். சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றுவதற்கு முன் அடியில் பலகை வைத்த ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். மல்லாந்து படுத்து நெஞ்சில் வாங்கிக்கொள்ளும் கனமல்ல அது.

மேசைக்கு வந்ததும் உடனே மண்ணெண்ணெயில் கழுவிவிட வேண்டாம். பேரிங்கைச் சுற்றி, பல் இடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கழுவிய பின் நூலளவு அசைவையும் காட்டும் டயல் கேஜை வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரவுன் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்று நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். இருக்க வேண்டிய அளவு பெரும்பாலும் கிரவுனிலேயே பொறித்திருக்கும். அடுத்து சில பற்களில் மார்க்கிங் ப்ளூ என்ற நீலப் பசையைத் தடவிச் சுழற்றி, பினியன் எந்த இடத்தில் தொடுகிறது என்று படம் எடுங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஆழம் தவறு. இந்த அளவும் படமும் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

பிறகு பேரிங் கேப்புகள். இடது கேப்பிலும் அதன் கீழுள்ள வார்ப்பிலும் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி, பஞ்சால் குத்துங்கள். கேப்பைக் கேரியரோடு சேர்த்து மாட்டித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள், அதனால் ஒன்று மற்றதன் இடத்தில் சரியாக உட்காராது. பேரிங்கைக் கழற்றினால் அந்தந்தப் பக்க ஷிம்மைக் கம்பியில் கோத்து, சீட்டு எழுதி, தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். பேரிங்கில் 'த்ரஸ்ட்' என்று பொறித்திருந்தால் அந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார் பினியனின் ஷாஃப்டை ஒரு சின்னப் பின் பிடித்திருக்கும். இந்த வகை ஆக்சிலில் அதைக் கிரவுன் பக்கத்திலிருந்துதான் தட்டி வெளியேற்ற வேண்டும். அந்தப் பக்கத் துளை சற்றுச் சிறியது, எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் பின் இறுகிக்கொள்ளும். கிரவுன் போல்ட்டுகள் தளராமல் ஓரத்தை மடித்துப் பூட்டும் வாசர்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதியது போடுங்கள்.

பினியனை மட்டும் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். கையால் சுற்றினால் சொரசொரப்பு இல்லை, முன்பின் ஆட்டம் இல்லை, சீலில் ஒழுக்கும் இல்லை என்றால் அது அப்படியே இருக்கட்டும். அதை எடுத்தால் பேரிங் இறுக்கத்தையும் ஆழத்தையும் மறுபடி வைக்க வேண்டும். அந்த வேலையை அளவுக் கருவி வைத்திருக்கும் பட்டறையில் கொடுப்பதுதான் சரி.

இனி உங்கள் மெக்கானிக் சொன்ன விஷயம். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், செதில் உதிர்ந்த இடம், சூட்டில் நீலம் பாய்ந்த நிறம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவர் சொன்னது சரி, செட்டை மாற்றுங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் முதல் நாளே ஊளை கேட்கும். வாங்கும் முன் இரண்டிலும் பல்லை எண்ணுங்கள். பினியனில் 8, கிரவுனில் 39 என்றால் 39ஐ 8ஆல் வகுத்து 4.875. பழையதும் புதியதும் ஒரே எண்ணிக்கையாக இல்லாவிட்டால் ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டும், வண்டியின் இழுவையும் மாறும். இரண்டு பாகத்திலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்கள் வழவழப்பாக, தடமும் நடுவில் விழுந்து, பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங்கை மாற்றினால் போதும். புதிய பேரிங்கின் கனம் பழையதிலிருந்து நூலளவு மாறும். இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, வித்தியாசத்தை ஷிம்மில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். எதுவுமே தேயவில்லை, பல வருடமாக அதே அளவு சத்தம்தான் என்றால், என் பேச்சைக் கேட்டு அப்படியே பூட்டிவிடுங்கள். நாற்பது வருடம் ஒன்றாக ஓடிப் பழகிய ஜோடி அது. கடையில் கிடைக்கும் தரம் தெரியாத புது செட்டைவிட நல்லபடியாக உழைக்கும்.

பூட்டும்போது ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதரை (காற்று வெளியேறும் சின்னத் துளை) ஊதிப் பாருங்கள். அது மண்ணில் அடைத்திருந்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, புது சீல் போட்டாலும் ஆயில் டிரம்முக்குள் வந்துவிடும்.