பிஎஸ்ஓ ஓட்டும் ஒவ்வொரு தடவையும் பிஎஸ்எஸ் அளவுகள் மாறுகின்றனவே, எதை நம்புவது?

பினாங்கில் ஃபைனல் இயர் புராஜெக்ட், 4 ஜெனரேட்டர் 11 பஸ் (இணைப்பு முனை) கொண்ட இரு வட்டார மின்கட்டமைப்பு மாதிரி, அலைவை அடக்கும் பிஎஸ்எஸ் (பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) அளவுகளை பிஎஸ்ஓ (துகள் கூட்டத்தை வைத்துத் தேடும் அல்காரிதம்) கொண்டு தேடினால் தடவைக்கொரு விடை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் டேம்பிங் ரேஷியோவும் (அலைவு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்ற அளவு) மாறுகிறதா என்று பாருங்கள். அது மாறாமல், பிஎஸ்எஸ்ஸின் நேர மாறிலிகளில் (டி1 முதல் டி4 வரை) டி1, டி3 மட்டும் மாறினால் கோளாறே இல்லை. டி2-வும் டி4-ம் சமமாக இருக்கும்போது டி1, டி3 இடம் மாறினாலும் அது அதே பிஎஸ்எஸ்தான். டி1=டி3 என்று கட்டிவிடுங்கள். வாஷ்அவுட்டை (நிலையான சிக்னலை வடிகட்டும் பகுதியின் நேர மாறிலி) 10 வினாடியில் நிறுத்திவிட்டு, கெயினையும் டி1-ஐயும் மட்டும் தேடவிடுங்கள்.

ரேஷியோவே தாவுகிறதென்றால் இலக்குச் சார்பைத்தான் (ஒவ்வொரு துகளுக்கும் மதிப்பெண் போடும் கணக்கை) சந்தேகப்பட வேண்டும். இந்த மாதிரியில் இன்ஃபினிட் பஸ் (எதற்கும் அசையாத ஆதார முனை) கிடையாது. ரோட்டர் கோணங்கள் எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் எதுவுமே மாறாது என்பதால் ஒரு ஐகன்வேல்யூ (ஒவ்வொரு மோடும், அதாவது அசைவு வகையும், வளருமா தேயுமா என்று காட்டும் எண்) பூஜ்யம். கணினி அதை 0.0003 என்றோ -0.0002 என்றோ காட்டும், ரேஷியோ -1, +1 என்று குதிக்கும், துகள்கள் எல்லாம் அந்த இரைச்சலைத் துரத்தும். ஒரு ரோட்டரை ஆதாரமாக வைத்து மற்ற கோணங்களை எழுதுங்கள். கவர்னர் (வேகக் கட்டுப்பாடு) சேர்க்கவில்லையென்றால் இன்னொரு பூஜ்யமும் மிஞ்சும், அதையும் விலக்குங்கள்.

0.1 முதல் 2 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவுகளை மட்டும் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. கெயின் ஏற ஏற எக்சைட்டர் மோட் (ஜெனரேட்டரின் காந்தப்புலக் கட்டுப்பாட்டில் எழும் அலைவு) அந்த எல்லைக்கு வெளியே நின்று நிலைகுலையும், உங்கள் சார்புக்குத் தெரியவே தெரியாது. மற்ற எல்லா மோடுக்கும் மெய்ப்பகுதி மைனஸில் இருக்கிறதா என்று சேர்த்துச் சோதியுங்கள்.

30 துகள், 100 சுற்று, இனர்ஷியா எடை 0.7298, இரண்டு குணகமும் 1.496 போதும். ரேண்டம் எண் பரிமாணத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். இதை விட்டுவிட்டு ஓநாய், திமிங்கலம், வௌவால் என்று அல்காரிதம் மாற்றிக்கொண்டே போகும் கட்டுரைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. விலங்கு மாறுகிறது, ஒரே ஒரு இயக்கநிலை மட்டும் மாறுவதில்லை. நிஜத்தில் லைன் போனால் இயக்கநிலையே மாறிவிடும்: 1996 ஆகஸ்ட் 3-இல் திரெங்கானுவின் பாக்கா பக்கம் ஒரு லைன் ட்ரிப் ஆனதில் தொடங்கித்தான் தீபகற்ப மலேசியாவே இருண்டது. வட்டாரங்களுக்கிடையே 400 மெகாவாட் பரிமாற்றம், அதே அளவு எதிர்த்திசையில், அவற்றை இணைக்கும் ஒரு டை லைன் இல்லாமல் என்று மூன்று நிலைகளையாவது எடுத்து, மிக மோசமானதை இலக்காக வையுங்கள். நிலையான ஓட்டத்தில் பிஎஸ்எஸ் வெளியீடு பூஜ்யம் என்பதால் லோட் ஃப்ளோவை (மின்னோட்டப் பங்கீட்டுக் கணக்கை) நிலைக்கு ஒரு தடவை போட்டால் போதும், லூப்புக்குள் வேண்டாம். 30 × 100 × 3 = 9,000 ஐகன்வேல்யூ கணக்கு சாதாரண லேப்டாப்புக்கே எளிது.

வந்த விடையை 100 மில்லிவினாடி மூன்று ஃபேஸ் ஃபால்ட்டில், வெளியீட்டு வரம்பு போட்டு ஓட்டிப் பாருங்கள். நேர்கோட்டு மாதிரிக்கு அந்த வரம்பு தெரியாது. இன்னொன்று, அந்த மாதிரியின் தரவு 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் பழக்கத்தில் கோண வேகத்துக்கு (2π × ஹெர்ட்ஸ்) 314 போட்டுவிடாதீர்கள், 377.