டைம் மெஷின் வாங்கும் முன்: கேள்வி-பதில்

கே: மணிக்கு 88 மைல் வேகம் பிடித்தால் 1955-க்குப் போய்விடும் என்று ஒரு காரைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

ப: 88 மைல் என்றால் சுமார் 142 கி.மீ.தான், வேகம் பெரிய விஷயமில்லை. மின்சாரத்தைப் பற்றிக் கேளுங்கள். 'பேக் டு த ஃபியூச்சர்' (1985) படத்தில் வரும் காருக்கு 1.21 ஜிகாவாட் வேண்டும். ஒரு பெரிய அணு உலையின் மொத்த உற்பத்தி அது. போகும்போது புளூட்டோனியம் இருந்தது; திரும்பி வர மின்னல் விழும் வரை காத்திருந்தார்கள். திரும்பும் வழியை எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.

கே: தலையில் பலமாக அடிபட்டால் ஆறாம் நூற்றாண்டுக்குப் போகலாமாமே? செலவே இல்லை.

ப: மார்க் ட்வைன் 1889-இல் எழுதிய கதையில் அப்படி நடக்கும். நீங்கள் செய்ய வேண்டாம்.

கே: போய் இறங்கினால் உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. நடுத்தெருவில் நின்றேன். விற்றவர், "எல்லா மாடலும் அப்படித்தான்" என்கிறார்.

ப: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. உயிருள்ள சதை மட்டுமே கடந்து போகும் என்பது 'தி டெர்மினேட்டர்' (1984) காலத்திலிருந்தே தெரிந்த குறை. அதை முன்பே சொல்வது விற்பவரின் கடமை. ரசீதும் உங்களோடு வந்திருக்காது, கடையில் நகல் கேளுங்கள். புகாரை வாங்கிய தேதிக்குப் பிந்தைய நாளில் கொடுங்கள். அதற்கு முந்தைய நாளில் போய்க் கொடுத்தால், வாங்காத பொருளுக்கு என்ன புகார் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கே: சோதனைக்காக ஒரு பெட்டியை ஆறு மாதம் பின்னால் அனுப்பினேன். பெட்டியைக் காணவில்லை. கையேட்டைப் படிக்கவில்லை.

ப: படித்துவிட்டு அனுப்பியிருக்கலாமே! பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு சுமார் 30 கி.மீ. ஓடுகிறது. ஒரு மணி நேரம் பின்னால் போனாலே 1,08,000 கி.மீ. விலகிவிடும். ஆறு மாதம் என்றால் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம், சுமார் 30 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. உங்கள் பெட்டி வெட்டவெளியில் மிதக்கிறது. சூரியனும் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனக்குத் தீராத கோபம் இதில்தான். வெல்ஸின் 'தி டைம் மெஷின்' (1895) தொடங்கி, பல மாடல்களில் காலத்துக்கு முள் உண்டு, இடத்துக்கு இல்லை. 'டாக்டர் ஹூ' தொடரின் நீலப் பெட்டி இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும். இடத்துக்கு முள் இல்லாத எதையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கே: உண்மையிலேயே வேலை செய்யும் வழி எதுவும் இல்லையா?

ப: இருக்கிறது, வேகமாகப் போவது. வேகமாகப் போகிறவருக்கு நேரம் கொஞ்சம் மெதுவாக ஓடும். 1971-இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் உலகைச் சுற்ற வைத்துச் சரிபார்த்தார்கள். விண்வெளியில் மொத்தம் 803 நாள் இருந்த செர்கேய் கிரிகாலியோவ் நம்மைவிட ஏறக்குறைய 0.02 நொடி எதிர்காலத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வர முடியாது, ஆனால் சரக்கு நேர்மையானது. 'அணுக் கடிகாரத் துல்லியம்' என்று அட்டையில் போட்டு எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் விற்றார்கள். பின்மூடியைக் கழற்றினால் சாதாரண குவார்ட்ஸ் எந்திரமும் ஒரு பேட்டரியும்தான். அணுக் கடிகாரத்தின் நேரத்தை ரேடியோ சிக்னலாக வாங்கும் பாகமே இல்லை. அட்டையை நம்பாதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கே: புழுத்துளைக்கு, அதாவது அண்டவெளியில் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்கு, முன்பதிவு நடக்கிறது. முன்பணம் கட்டலாமா?

ப: கட்டாதீர்கள். இயற்பியலாளர் கிப் தோர்ன் குழுவின் 1988 கணக்குப்படி அதைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும். அந்த அளவு யாரிடமும் இல்லை. கிடைத்தாலும் துளை கால இயந்திரமாக மாறிய நாளுக்கு முன்னால் போக முடியாது. கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.