ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் உணவும் வைத்தியமும்

மத்திய ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத் தொல்குடிக் கிராமங்களில் சில வருடம் நர்ஸாக இருந்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, அத்தனை பணக்கார நாட்டில் அந்த மக்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சர்க்கரை நோய்? பரம்பரையா?

பரம்பரை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை, பாருங்கள்! வேட்டையாடி, கிழங்கு தோண்டித் தின்றவர்களை நிலத்தை விட்டுக் கிளப்பி, கிறிஸ்தவ மிஷன்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் வைத்து மாவு, சர்க்கரை, தேயிலை ரேஷன் கொடுத்தார்கள். 1980களில் கெரின் ஓடே என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வு செய்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி என்ற ஊர்ப் பக்கம் சர்க்கரை நோயுள்ள 10 தொல்குடியினர் 7 வாரம் தங்கள் பழைய நிலத்துக்கே போய், கங்காரு, மீன், கிழங்கு என்று வாழ்ந்தார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது, ரத்தச் சர்க்கரையும் நன்றாக இறங்கியது. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு மறக்காது.

அப்போ சத்துணவு வகுப்பு எடுத்தால் போதாதா?

நானும் படம் போட்ட அட்டையோடு போனவள்தான். ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுப்பைக் காட்டினார். நாலில் ஒன்றுதான் எரியும். ஃப்ரிட்ஜ் அணைந்து கிடந்தது. அங்கே பல வீடுகளில் கரண்டுக்கு முன்கூட்டியே ரீசார்ஜ் செய்ய வேண்டும், அது தீர்ந்திருந்தது. உள்ளே அவருடைய இன்சுலின். அன்றைக்கு அட்டையைப் பைக்குள் வைத்தவள்தான்.

கடையில் காய்கறி கிடைக்குமா?

கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குளிர்பதன லாரியில் வர வேண்டும். வடக்கே மழைக்காலத்தில் ரோடே இருக்காது. ஆனால் கடையை வைத்தே நல்லதும் செய்யலாம். 2018இல் 20 கிராமக் கடைகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கடைகளில் 12 வாரத்துக்கு இனிப்புப் பண்டங்களின் விளம்பரத்தை நிறுத்தினார்கள், பெரிய சோடா பாட்டில்களை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைத்தார்கள். அங்கே சர்க்கரை விற்பனை குறைந்தது, கடை லாபம் அடிபடவில்லை. அந்தச் சோதனையில் கூட்டுச் சேர்ந்ததே கடை நடத்துகிற ஒரு தொல்குடியினர் நிறுவனம்தான்.

அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது அவர்களுக்குத் தனி கிளினிக் எதற்கு?

போனால் மரியாதை கிடைக்காது என்று பயந்து, முற்றிய பிறகு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொல்குடியினர் தாங்களே ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். இன்று நாடு முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது கின்டோர் கதை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே இருக்கிற ஊர். சிறுநீரகம் பழுதானால் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், அதற்காக ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு ஆலிஸிலேயே கிடக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஓவியர்கள் சேர்ந்து படம் வரைந்து 2000இல் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதை வைத்து 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ்!

நர்ஸிங் முடித்திருக்கிறேன், நான் அங்கே வரலாமா?

தாராளமாக. ஆறு மாதத்தில் மூட்டை கட்டுகிற எண்ணமிருந்தால் வேண்டாம், அப்படி வந்து போகிறவர்களைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறார்கள். போனதும் உள்ளூர்த் தொல்குடி சுகாதாரப் பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சமீபத்தில் இறந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. அதே பெயருள்ள நோயாளியை எப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பணியாளரிடம்தான் கேட்க வேண்டும்.